பியா எந்தப் பேட்டை?

போன வாரம் இந்தப் பத்தியில் என் கணவன் லாப்போவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதியிருந்தேன். அந்த நாலையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். 'பரவாயில்லையே, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளையா' என்று நினைத்தவர்கள் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

எங்கள் பத்து மாதப் பெண் பியாவுக்கு ஒரு வெள்ளைக் கவுன் வாங்கி வந்து, "அடுத்த மாசம் உங்க நாரைப் பேட்டைத் திருவிழாவுக்கு" என்று என் கையில் கொடுத்தானே, அந்தக் கதைதான். நான் உருகிப்போனேன். கீரிப் பேட்டையில் பிறந்தவன். எங்கள் நாரைக் கொடியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற குடும்பம். அவனே போய்க் கடையில் நின்று வாங்கி வந்திருக்கிறானே என்று அன்றைக்கு ராத்திரி அவனுக்குப் பிடித்த முயல் குழம்பு வேறு வைத்துத் தொலைத்தேன்.

எங்கள் சியேனா நகரில் யாராவது 'நீ யார்' என்று கேட்டால் பெயரைச் சொல்ல மாட்டோம், பேட்டையைச் சொல்வோம். குழந்தைக்குச் சர்ச்சில் ஒரு ஞானஸ்நானம், பேட்டை நீரூற்றில் இன்னொன்று. முதலாவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. இரண்டாவதைத் தள்ளிப்போடுகிறவர்களை நான் பார்த்ததில்லை. திருவிழா அன்றைக்குப் பேட்டைத் தலைவர் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்துக் கழுத்தில் பட்டுத்துண்டைக் கட்டிவிட்டார் என்றால் சாகும்வரை அந்தப் பேட்டைதான். புருஷனை மாற்றலாம், பேட்டையை மாற்ற முடியாது.

அதனால்தான் கல்யாணத்துக்கு முன்பே பேசி வைத்தோம். என் அப்பா ஈவோவின் சமையலறையில், அவர் எதிரிலேயே, லாப்போ நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். பையன் பிறந்தால் கீரி. பெண் பிறந்தால் நாரை. பெண்தான் பிறந்தது. இதில் பேச என்ன இருக்கிறது?

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கீரிப் பேட்டைத் திருவிழா. விடிந்ததிலிருந்து அவர்கள் முரசு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை நாள். வெளியூர்க்காரர்களுக்கு ஊரை நடத்திச் சுற்றிக்காட்டுவதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு எட்டுப் பேர்.

"பியாவை நான் பாத்துக்கறேன். அக்கா வீட்டுல சாப்பிட்டுட்டு வந்துடறோம். நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்றான் லாப்போ. கன்னத்தில் ஒரு முத்தம் வேறு. யூதாஸ் பரவாயில்லை.

சதுக்கத்தின் சரிவில் என் எட்டுப் பேரையும் செங்கல் தரையில் உட்காரவைத்துப் பேட்டைகள் மோதுகிற குதிரைப் பந்தயம் அங்கே எப்படி நடக்கும் என்று விளக்கினேன். பிறகு மேடேறிக் கதீட்ரல். வரி வரியாகக் கறுப்பும் வெள்ளையுமான அந்தத் தூண்களைப் பார்த்து வாயைப் பிளக்காதவர்கள் கிடையாது. வெளியே வந்தபோது முரசு எங்கள் எதிரே வந்துவிட்டது. பழுப்பும் மஞ்சளுமாக உடுத்திய கீரிப் பையன்கள் கொடியை வானத்துக்கு வீசிப் பிடித்தார்கள். எட்டு கேமராவும் மேலே போயின. நான் முதுகைக் காட்டி நின்றேன்.

"நீங்க ஏன் பாக்கல?" என்று கேட்டார் ஊர்சுலா அம்மாள். ஜெர்மனிக்காரர். பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"வெயில் கண்ணுல அடிக்குதும்மா."

"வெயில் இந்தப் பக்கம்ல அடிக்குது."

நான் வழிகாட்டும் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வழியில் கீரிப் பேட்டைக்குள் போகிற வளைவு வந்தது. சுவரில் கீரி பதித்த பீங்கான் ஓடு. அந்த இடத்தில் நான் எப்போதும் நடையைக் கூட்டுவேன்.

"இந்தச் சந்துல ஒண்ணும் இல்ல. வாங்க, வாங்க."

"நீரூற்று இருக்காமே? 'தவறாமல் பார்க்கவும்'னு புத்தகத்துல போட்டிருக்கு" என்றார் ஊர்சுலா அம்மாள்.

"அது பழைய புத்தகம்."

"போன மாசம் வாங்கினேன்."

மதியம் கொசெட்டாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கொசெட்டா இரண்டு பேட்டைக்கும் வேண்டியவள். எல்லோருக்கும் கையால் திரட்டிய கெட்டி நூடுல்ஸும் பூண்டு போட்ட தக்காளிக் குழம்பும் வந்தன. எனக்கு மட்டும் தட்டோடு ஒரு சின்னப் பொட்டலமும் வந்தது. உள்ளே பாதாம் பிஸ்கட். மேலே பழுப்பு, மஞ்சள் ரிப்பன்.

"என்னடி இது?"

"உன் பொண்ணுக்குத்தான். இன்னிக்குத் துண்டு கட்டறாங்களாமே! ஜினேவ்ரா நேத்து வந்து விருந்துக்கு இனிப்பு சொல்லிட்டுப் போனா." கொசெட்டா என் தோளைத் தட்டினாள். "உன்ன மாதிரி பெரிய மனசு யாருக்கும்மா வரும்! நான்னா விட்டிருக்க மாட்டேன்."

ஜினேவ்ரா என் நாத்தனார். லாப்போவின் அக்கா.

கொசெட்டா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்தேன். லாப்போ எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. ஜினேவ்ராவுக்கு அடித்தேன். ஒருமுறை மணி ஒலித்து அறுந்தது. துண்டித்துவிட்டாள்!

"எப்ப கட்டறாங்க?"

"முரசு ஊர்சுத்தித் திரும்பினதும்..." கொசெட்டா என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த ரொட்டிக் கூடையை மெல்ல மேஜையில் வைத்தாள். "அம்ப்ரா... உனக்குத் தெரியாதா?"

அந்தக் கவுன்! அடுத்த மாசத்துக்காம்! நான் இளிச்சவாய் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா? முயல் குழம்பு வைத்தேனே அந்தப் பாவிக்கு!

எழுந்து நின்றேன். எட்டுப் பேரும் முள்கரண்டியும் கையுமாக நிமிர்ந்தார்கள்.

"அடுத்து எங்க?" என்றார் ஊர்சுலா அம்மாள்.

"கீரிப் பேட்டைக்கு."

"அங்க ஒண்ணும் இல்லைன்னீங்களே?"

"இப்ப இருக்கு. எழுந்திரிங்க."

நீங்கள் கேட்கலாம், எட்டுப் பேரையும் அங்கேயே உட்காரவைத்துவிட்டு ஓட வேண்டியதுதானே என்று. என்னை நம்பி வந்தவர்களை ஊர் நடுவில் தொலைத்துவிட்டுப் போனவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள் எங்கள் வீட்டில் ஒருத்தராவது இருக்க வேண்டாமா?

இரண்டு குன்றுக்கு நடுவே இறங்கி ஏற வேண்டும். நான் நடந்த வேகத்துக்கு அவர்கள் ஓடிவந்தார்கள். ஆனாலும் வேலையை விடவில்லை.

"இடது பக்கம் பழைய வங்கிக்காரங்க மாளிகை. வலது பக்கம் கோபுரம். கட்டினவங்க எல்லாரும் செத்துட்டாங்க. நடங்க!"

"கொஞ்சம் மெதுவா..." என்று பின்னாலிருந்து ஒரு குரல் மூச்சிரைத்தது.

"என்னதான் ஆச்சு உங்களுக்கு?" ஊர்சுலா அம்மாள் என் பக்கத்தில் வந்துவிட்டார். அந்த வயதில் அந்த மேட்டில் அவருக்கு மட்டும் இரைக்கவில்லை.

சொல்லிவிட்டேன். நடந்துகொண்டே, வாய்க்கு வந்தபடி எல்லாம். சத்தியம், கவுன், பிஸ்கட், முயல்.

அவர் திரும்பி, மற்ற ஏழு பேரையும் பார்த்துப் பள்ளிக்கூடக் குரலில், "சீக்கிரம்!" என்றார்.

வளைவைத் தாண்டினேன். கல்யாணமாகி ஐந்து வருஷம். நாத்தனார் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை, என் வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. இரண்டு பேருக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. அன்றைக்கு முதல்முறையாக அந்தத் தெருவில் என் செருப்புச் சத்தம் கேட்டது. ஜன்னல்களில் கொடி தொங்கியது. சுவரெல்லாம் வர்ணம் பூசிய விளக்கு. என்னை அடையாளம் கண்டுகொண்டவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு தெரு தள்ளி முரசு கேட்டுக்கொண்டிருந்தது.

நீரூற்றடியில் கூட்டம். குழந்தைகளை ஏந்திக்கொண்டு பெற்றவர்கள் வரிசையாக நின்றார்கள். கீரிப் பேட்டைத் தலைவர் மொராந்தி ஐயா கையில் வெள்ளிக் கெண்டி. அவர் முழங்கையில் பட்டுத்துண்டுகள். வரிசையில் இரண்டாவதாக லாப்போ. அவன் தோளில் என் மகள், அந்த வெள்ளைக் கவுனில், விரலைச் சப்பிக்கொண்டு.

பக்கத்தில் ஜினேவ்ரா. கவுன் காலில் சிக்காமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க!"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. முரசுக்காரர்கள் தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

லாப்போவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அம்ப்ரா... சாயங்காலம் வரைக்கும் சுத்திக் காட்டணும்னியே?"

"காட்டிட்டுத்தான் இருக்கேன். இவங்களுக்குக் கோயில் காட்டினேன், கோபுரம் காட்டினேன். இப்ப என் புருஷன் யோக்கியதையைக் காட்டக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

பின்னால் யாரோ கேமராவைத் தூக்கினார்கள். "இதுவும் திருவிழாவுல ஒரு நாடகமா?" என்ற குரலும், "கையக் கீழ போடுங்க. அது அவங்க குழந்தை" என்று ஊர்சுலா அம்மாள் சொன்னதும் கேட்டது.

"கத்தாதே" என்றாள் ஜினேவ்ரா. "நல்ல நாள்."

"யாருக்கு நல்ல நாள்? திருட்டுத்தனமா என் குழந்தையத் தூக்கிட்டு வந்து துண்டு கட்டறது உங்க ஊர்ல நல்ல நாளா?"

"எங்க ஊரு, உங்க ஊருன்னு ரெண்டு ஊரா இருக்கு? அரை மைல் தூரம்."

"அந்த அரை மைல் நடந்து வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

ஜினேவ்ரா விடவில்லை. "கேட்டா கொடுத்திருப்பியா? எனக்குக் குழந்தை இல்ல. லாப்போவுக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. எங்க அப்பா, தாத்தா, அவங்க தாத்தா எல்லாரும் இந்தத் தண்ணியில நனைஞ்சவங்க. எனக்கு அப்புறம் எங்க வீட்டுல இந்தத் துண்டை யாரு கட்டிக்குவா, சொல்லு?"

ஒரு நிமிஷம் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் கை என் மகளின் கவுனை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பாவமெல்லாம் பறந்துவிட்டது.

லாப்போ பக்கம் திரும்பினேன். "அக்கா அழுதா, நீ தலையாட்டினே. அப்படித்தானே? எங்க அப்பா முன்னாடி நெஞ்சுல கை வச்சியே, அது யாரு நெஞ்சு?"

"நான் ராத்திரி உன்கிட்ட சொல்லலாம்னுதான்..."

"துண்டு கட்டினதுக்கு அப்புறம்!"

"முன்னாடி சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

இந்த மனிதனோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதிரிப் பேட்டைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று அழமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கீரி, நாரை எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும் லாப்போ. இன்னிக்கு சாயங்காலம் என் குழந்தையை என் கையில குடுத்துட்டு, அக்கா வீட்டுல என்ன சாப்பிட்டோம்னு எனக்குக் கதை சொல்லியிருப்ப. அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பியா அவன் தோளிலிருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

மொராந்தி ஐயா கெண்டியை நீரூற்றின் விளிம்பில் வைத்தார். ஜினேவ்ராவைப் பார்த்தார்.

"தாய் சம்மதம் இருக்குன்னு சொன்னியேம்மா?"

ஜினேவ்ரா கவுனிலிருந்து கையை எடுத்தாள்.

"தாய் வேண்டாம்னா வேண்டாம்தான். ஒரு சொட்டு விழாது." என் பக்கம் திரும்பினார். "உங்க நாரைக்காரங்களோட எங்களுக்கு இருக்கற கணக்கைப் பந்தயத்துல பாத்துக்கறோம். குழந்தையை வச்சு இல்ல. கூட்டிட்டுப் போம்மா."

அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இப்படி ஒரு நாளில் எதிரிக்கு நியாயமாக நடந்துகொள்ள என்ன அவசியம்? திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வீணாகிப்போயின. லாப்போவின் தோளிலிருந்து பியாவை வாங்கிக்கொண்டேன். அவன் விட்டுவிட்டான். திரும்பி நாலடி நடந்திருப்பேன்.

"தூக்கிட்டுப் போ" என்றாள் ஜினேவ்ரா. கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "தண்ணி ஊத்தலேன்னா என்ன? அவ பொறந்ததே எங்க மண்ணுலதான்."

"ஆஸ்பத்திரியில பொறந்தா."

"ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு நீ குனிஞ்சு பாத்தியா?"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வெளியூர்க்காரர்களுக்குத்தான் இது புரியாது, எங்களுக்குப் புரியும். அந்தக் காலத்தில் எந்தப் பேட்டை எல்லைக்குள் குழந்தை பிறக்கிறதோ அந்தப் பேட்டைக்குத்தான் சொந்தம். இப்போது எல்லாப் பிரசவமும் மதிலுக்கு வெளியே ஆஸ்பத்திரியில். அதனால் சில பைத்தியங்கள் பேட்டை மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு போய்ப் பிரசவக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சும்மா பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

"இந்த நீரூற்றடி மண்ணு" என்றாள் ஜினேவ்ரா. "நானே தோண்டினேன்."

"உன்னை யாரும் உள்ள விடல. லாப்போவும் எங்க அப்பாவும் மட்டும்தான் உள்ள வந்தாங்க." லாப்போவைப் பார்த்தேன். "நீயா?"

"சத்தியமா நான் இல்ல" என்றான். அவன் சத்தியத்தைக் கேட்டு அந்தக் கூட்டத்திலேயே இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவன் இல்ல" என்றாள் ஜினேவ்ரா. "நான் வராந்தாவுல பையோட நின்னுட்டிருந்தேன். உங்க அப்பா வந்தாரு. என்ன பைன்னு கேட்டாரு. மறைக்கல, சொன்னேன். பிடுங்கித் தூக்கி எறியப் போறாருன்னுதான் நெனச்சேன். 'கொடு, நான் வைக்கறேன்'னாரு. கொடுத்தேன்."

"பொய்!"

என் அப்பா ஈவோவை இந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. நாரைக் கொடியை நாற்பது வருஷம் சுமந்தவர். கீரி ஓடு பதித்த சுவரின் நிழலில்கூட நிற்காதவர். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் மேஜைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல் கழுத்து சுளுக்கிக்கொண்டவர். அவரா?

"உங்க அப்பாவுக்கே போன் போட்டுக் கேளு" என்றாள் ஜினேவ்ரா.

"கேக்கறேன். எல்லாரும் கேட்டுக்கங்க. இவங்க வாயில வர்றது எல்லாம் எவ்வளவு பொய்னு இப்பத் தெரியும்."

பியாவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு அப்பாவுக்கு அடித்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். உடனே எடுத்தார். பின்னால் தட்டு அடுக்குகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேட்டை மண்டபத்தில்தான் இருப்பார்.

"என்னம்மா கண்ணு? வேலை முடிஞ்சுதா?"

"அப்பா, நான் கீரிப் பேட்டையில நிக்கறேன்."

தட்டுச் சத்தம் நின்றது.

"பியா பொறந்த அன்னிக்கு என் கட்டிலுக்கு அடியில நீங்க எதையாவது வச்சீங்களா? இங்க ஜினேவ்ரா என்னமோ சொல்றா. இல்லைன்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்கப்பா, எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க."

கதவு ஒன்றைச் சாத்துகிற சத்தம் கேட்டது. வெளியே வந்துவிட்டார் போலிருக்கிறது.

"வச்சேம்மா."

எனக்கு முகம் எரிந்தது. இத்தனை பேர் முன்னால் என் கையாலேயே ஸ்பீக்கரைப் போட்டேனே!

"ஏன்? கீரிக்காரங்க மண்ணை உங்க கையால... ஏம்ப்பா?"

"அதை இப்படி போன்ல..."

"சொல்லுங்கப்பா!"

என் அம்மா எனக்கு நடக்க வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவள், எந்தப் பேட்டையும் இல்லாதவள் என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை, அப்பாவும் சொன்னதில்லை.

"நீ பொறந்தப்பவும் அதே மண்ணுதாம்மா வச்சேன்" என்றார் அப்பா. "உங்க அம்மா கீரிப் பேட்டைக்காரி. அவதான் கேட்டா. அவ கேட்டது அது ஒண்ணுதான்."

பியா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். லாப்போ வாயைத் திறந்தபடி நின்றான். இவ்வளவு நேரம் என்னை முறைத்துக்கொண்டிருந்த ஜினேவ்ரா இப்போது தரையைப் பார்த்தாள். ஊர்சுலா அம்மாள் மெல்ல என் பக்கத்தில் வந்து, "என்ன சொல்றாரு உங்க அப்பா?" என்று கேட்டார். நான் ஸ்பீக்கரை அணைத்தேன்.

மொராந்தி ஐயா ஒரு பட்டுத்துண்டை விரித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அது பியாவுக்கா எனக்கா என்று எனக்குத் தெரியவில்லை.